பேஸ் கிட்டார்: குமரி மாவட்ட மேடைகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பிழைப்புக்கு வேறு வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவிலும், திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவிலும் பேஸ் வாசிக்கிறேன். பங்குத் திருவிழாவோ, அசன விழாவோ, அம்மன் கோயில் கொடையோ, கல்யாண ரிசப்ஷனோ, மேடைக்குப் பின்னால் வந்து கேட்கப்படும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. குளச்சலில் கேட்டதையே குலசேகரத்திலும் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

இது என்ன, நாலு கம்பிதான் இருக்கு? ரெண்டு கம்பி அறுந்து போச்சா?

கிண்டலுக்குக் கேட்பவர்களும் உண்டு, நிஜமாகவே தெரியாமல் கேட்பவர்களும் உண்டு. பேஸ் தனிக் கருவி. ஈ, ஏ, டி, ஜி என்று நாலு கம்பி. சாதா கிட்டாரின் தடித்த நாலு கம்பிகளுக்கும் இதே பெயர்கள்தான், ஆனால் பேஸ் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். தடித்த ஈ கம்பி நொடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த சத்தம் வர கம்பி தடிமனாகவும் நீளமாகவும் இருந்தாக வேண்டும். சாதா எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பி அதிரும் நீளம் 25 அங்குலத்தை ஒட்டி இருக்கும், பேஸில் 34 அங்குலம். லியோ ஃபெண்டர் 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது வைத்த அளவு இது, இன்றும் பெரும்பாலான கம்பெனிகள் அதையே பின்பற்றுகின்றன. 30 அங்குலத்தில் குட்டி பேஸும் வருகிறது. கை சின்னதாக இருப்பவர்கள் அதைத் தாராளமாக வாங்கலாம், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

நீங்க வாசிச்சது ஒண்ணுமே கேக்கல்லியே, பின்ன எதுக்கு அங்க நிக்கிறீங்க?

பாட்டு நடுவில் பேஸ் சேனலை மட்டும் மூடச் சொல்லிப் பாருங்கள். என்ன போயிற்று என்று சொல்லத் தெரியாது, ஆனால் பாட்டு சப்பென்று ஆகிவிட்டது எல்லோருக்கும் தெரிந்துவிடும். டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக் ஒரு பக்கம், கீபோர்டின் கார்டு இன்னொரு பக்கம், இரண்டையும் சேர்த்துக் கட்டுவதுதான் பேஸின் வேலை. பேஸைத் தனியாகக் கேட்க வேண்டுமென்றால் போன் ஸ்பீக்கரை விட்டுவிட்டு நல்ல ஹெட்போனில் இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளைப் போடுங்கள். அவருக்குப் பல வருடம் வாசித்த சசிதரனின் பேஸ், பாடகருக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டே ஓடுவதுபோல இருக்கும். ஏ. ஆர். ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் எங்கே சும்மா இருக்கிறார் என்று கவனித்துக் கேளுங்கள். வாசிப்பது பாதி, எங்கே நிறுத்துவது என்பது மீதி.

நிஜமாகவே கேட்காமல் போவதும் உண்டு. அது கருவியின் கோளாறு அல்ல, சவுண்டின் கோளாறு. அதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன்.

எனக்கு கிட்டாரே தெரியாது, நேரா பேஸ் படிக்கலாமா?

படிக்கலாம். கிட்டார் தெரிந்தவர்கள் முதல் ஆறு மாதம் கை சும்மா இருக்காமல் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், அந்தக் கெட்ட பழக்கம் உங்களுக்கு இருக்காது. முதலில் ஒவ்வொரு கார்டுக்கும் அதன் மூல ஸ்வரம், அடுத்து அதன் பஞ்சமம், இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு தாளம் தவறாமல் ஒரு முழுப் பாட்டு வாசித்தால் நம்மூர்க் குழுக்களில் பாதி மேடைக்கு அது போதும். 6/8 தாளத்தை விட்டுவிடாதீர்கள், இங்கே கிராமியப் பாட்டும் பக்திப் பாட்டும் ஏராளமாக அதில்தான் வரும். விரல் நுனியில் கொப்புளம் வரும், ஆறும், தோல் தடிக்கும். மணிக்கட்டில் வலி வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு, ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டி மறுபடி பாருங்கள்.

என்ன பேஸ் வாங்க? ஆன்லைன்ல ஒண்ணு பாத்தேன், கொள்ளாமா?

15,000 முதல் 25,000 ரூபாய்க்குள் யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனீஸ் ஜிஎஸ்ஆர் வரிசை, கோர்ட் ஆக்‌ஷன் என்று எதை எடுத்தாலும் மேடைக்குத் தாங்கும். இன்னும் கொஞ்சம் போட முடிந்தால் ஸ்குவையர். இதற்குள் எது உசத்தி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பந்தலில் நூறு அடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பெயரே கேள்விப்படாத, ஐயாயிரத்துக்கு வரும் பேஸ்களில் ட்யூனிங் நிற்காது, அவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

என் கட்சி இதுதான்: கையில் இருக்கும் பணம் முழுவதையும் பேஸில் போடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி நல்ல கேபிள், டிஐ பாக்ஸ் (பேஸை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி, கீழே விவரம் இருக்கிறது), அகலமான ஸ்ட்ராப், கம்பி உயரத்தையும் கழுத்தையும் ஒரு தடவை சரிசெய்து செட்டப் செய்யும் கூலி ஆகியவற்றுக்கு வையுங்கள். நாற்பதாயிரம் ரூபாய் பேஸ், இருநூறு ரூபாய் கேபிள் என்று வந்து நிற்பவர்களை வருடத்துக்கு வருடம் பார்க்கிறேன், பாட்டு நடுவில் கரகரவென்று நின்றுபோவது அந்த இருநூறு ரூபாய் பொருள்தான். முடிந்தால் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ கடையில் உட்கார்ந்து கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட், ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்திக் கம்பி இடிக்கிறதா என்று பாருங்கள், நின்றபடி மாட்டிக்கொண்டு தலைப்பகுதி கீழே சாய்கிறதா என்றும் பாருங்கள். படத்தில் இதெல்லாம் தெரியாது.

நாலு கம்பியா அஞ்சு கம்பியா?

முதலுக்கு நாலு. ஆனால் நம்மூரில் அஞ்சாவது கம்பிக்கு ஒரு காரணம் இருக்கிறது. பெண் குரல்களுக்கும் குழுப் பாட்டுக்கும் டி, டி ஷார்ப் சுருதிகள் அடிக்கடி வருகின்றன. நாலு கம்பி பேஸில் கடைசித் தாழ்ந்த ஸ்வரம் ஈ, அதற்கு ஒரு அரை ஸ்வரம் கீழே இருக்கும் டி ஷார்ப் கிடைக்கவே கிடைக்காது. மேல் ஸ்தாயியில் வாசித்துச் சமாளிக்கலாம், அல்லது ஈ கம்பியை டி-க்கு இறக்கிக்கொள்ளலாம். அஞ்சு கம்பி பேஸில் கீழே ஒரு பி கம்பி இருப்பதால் அதன் நாலாவது ஃப்ரெட்டில் டி ஷார்ப் வந்துவிடும்.

கழுத்து அகலமாகும், எடையும் கூடும். தவிர அந்த பி கம்பி நொடிக்குச் சுமார் 31 அதிர்வு, நம்மூர்ப் பந்தல் ஸ்பீக்கர்களில் பாதி அதை வெறும் காற்றாகத்தான் தள்ளும்.

ஆக்டிவ், பாசிவ்னு சொல்றாங்களே, எது நல்லது?

ஆக்டிவ் பேஸுக்குள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ப்ரீஆம்ப் இருக்கும், டோன் நிறைய மாற்றலாம். பாசிவுக்குப் பேட்டரி வேண்டாம், மாற்றவும் அவ்வளவாக ஒன்றும் இல்லை. பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் கேபிளைக் குத்தியதுமே பேட்டரி செலவாக ஆரம்பிக்கும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். ராத்திரி வீட்டுக்கு வந்து கேபிளைப் பிடுங்காமல் சாய்த்து வைத்தால் அடுத்த மேடையில் சத்தம் உடைந்து உடைந்து வரும். பையில் ஒரு பேட்டரி எப்போதும் இருக்கட்டும்.

கம்பி ஒரு மாசத்துல துருப்பிடிக்குது, என்ன செய்ய?

முட்டம், குளச்சல், ராஜாக்கமங்கலம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் எல்லோருடைய அழுகையும் இதுதான். உப்புக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலேயும் அடியிலேயும் துடையுங்கள், அடியில் துடைப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். மேல்பூச்சுள்ள கம்பி விலை அதிகம், ஆனால் கடற்கரை ஊர்களில் அது கணக்குக்குக் கட்டுப்படியாகும். கம்பிகளை உடலில் தாங்கும் பிரிட்ஜில் இருக்கும் சின்னத் திருகுகள் துருவேறி இறுகிவிட்டால் பிறகு கம்பி உயரத்தை மாற்ற வழியே இல்லை, வருடத்துக்கு இரண்டு தடவை ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள்.

கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்தால் புதுசாகிவிடும் என்பார்கள். அழுக்கும் எண்ணெய்ப் பசையும் போய்க் கொஞ்ச நாள் பளிச்சென்று கேட்கும், உண்மைதான். துரு போகாது. ஈரம் முழுக்கக் காயாமல் மாட்டினால் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

வெயில்ல நல்லா இருந்துச்சு, மழை தொடங்கினதும் கம்பி உயர்ந்து போச்சு. பேஸ் கேடாயிட்டா?

கேடாகவில்லை. நமக்கு ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் என்று இரண்டு பருவமழையும் உண்டு. காற்றில் ஈரம் ஏறி இறங்க, கழுத்து மரமும் அசையும். சில பேஸில் கம்பி உயரும், சிலதில் ஃப்ரெட்டில் இடிக்கும். ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் உள்ள ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் சரி.

அதிகமாக இருந்தால் கழுத்து வளையாமல் பிடிக்க உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்று இறுக்கி, மறுபடி ட்யூன் செய்து, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம் கால் சுற்று. இறுகிப்போய்த் திரும்பவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், அது உடைந்தால் கழுத்தே போயிற்று, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஆம்ப் எத்தனை வாட் வேணும்?

வீட்டில் பழக 20 வாட் போதும், ஹெட்போன் மாட்டும் வசதி இருந்தால் பக்கத்து வீட்டாரோடும் உறவு நிலைக்கும். டிரம்ஸோடு ஒத்திகை என்றால் 100 வாட்டுக்குக் குறையாமல், 12 அங்குல ஸ்பீக்கரோடு பாருங்கள். 100-க்குப் பதில் 200 வாங்கினால் சத்தம் இரு மடங்காகும் என்று நினைக்க வேண்டாம், 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகக் கேட்க வாட் பத்து மடங்கு வேண்டும். லீட் கிட்டார் ஆம்பில் பேஸைக் குத்திச் சத்தமாக வைக்காதீர்கள், அந்த ஸ்பீக்கர் பேஸுக்குச் செய்ததல்ல, கிழியும்.

மேடைக்கு என்று பெரிய ஆம்ப் வாங்கிச் சுமக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. கூட்டத்துக்குப் பேஸைக் கொண்டுபோவது சவுண்ட் சர்வீஸ்காரரின் பெட்டிகள்தான், மேடையில் நம் ஆம்ப் நமக்கும் டிரம்மருக்கும் கேட்க மட்டும்.

அப்போ ஆம்ப் இல்லாம நேரா மிக்சர்ல குத்தலாமா?

குத்தலாம், நடுவில் டிஐ பாக்ஸ் இருந்தால். பேஸிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. ஆறு மீட்டர் கேபிள் வரை பரவாயில்லை, அதற்கு மேல் நீட்டினால் மேல் ஒலிகள் மங்கும், வழியில் இருக்கும் இரைச்சலையெல்லாம் இழுத்துக்கொண்டும் வரும். நம்மூர் மேடைகளில் மிக்சர் கூட்டத்துக்குப் பின்னால், முப்பது மீட்டர் தள்ளிகூட இருக்கும். டிஐ பாக்ஸ் அந்தச் சிக்னலை மைக் கேபிளில் இரைச்சல் ஏறாமல் போகும் பாலன்ஸ்டு சிக்னலாக மாற்றிவிடுகிறது. பேஸ் உள்ளே, ஒரு வழியாக ஆம்புக்கு, இன்னொரு வழியாக மேடைக் கேபிள்களையெல்லாம் சேர்த்து மிக்சருக்குக் கொண்டுபோகும் மல்டிகோர் பெட்டிக்கு, அவ்வளவுதான் இணைப்பு.

பாசிவ் பேஸ் வைத்திருந்தால் ஆக்டிவ் டிஐ, ஆக்டிவ் பேஸ் என்றால் பாசிவ் டிஐயே போதும். ஆக்டிவ் டிஐக்கு மின்சாரம் வேண்டும், மிக்சரில் 48 வோல்ட் ஃபான்டம் பவர் போடச் சொல்லுங்கள். சவுண்ட்காரரிடம் டிஐ இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சிலரிடம் இருக்கும், சிலரிடம் "அது போன மேடையில் போச்சு தம்பி" என்ற பதில்தான் இருக்கும்.

குத்தினதும் 'ம்ம்ம்ம்'னு ஒரு இரைச்சல், கம்பியைத் தொட்டா குறையுது. என்ன அது?

மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைகிறது என்றால் உங்கள் உடம்பு கிரவுண்டோடு சேர்ந்துகொண்டு தடுக்கிறது, பேஸ் ஒயரிங் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப் ஒற்றைச் சுருள் என்றால் சீரியல் லைட்டும் ட்யூப் லைட்டும் பக்கத்தில் இருந்தாலே பாடும், கொஞ்சம் திரும்பி நின்று பாருங்கள். ஜாஸ் பேஸ் மாதிரி இரண்டு பிக்கப் இருந்தால் இரண்டின் வால்யூமையும் சமமாக வையுங்கள், ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும்.

தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி இரைந்தால் அது கிரவுண்ட் லூப். டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், தட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். அது சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கிறது, ஆபத்தில்லை. சில பேர் இதே இரைச்சலுக்கு ஆம்ப் ப்ளக்கில் இருக்கும் எர்த் பின்னைப் பிடுங்கிப் போடுவார்கள். அதைச் செய்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் தடுத்துவிடுங்கள், காரணம் அடுத்த பதிலில்.

பாட மைக்கிட்ட போனா உதட்டுல சுள்ளுனு அடிக்குது, சின்ன ஷாக்தான, பரவால்லியா?

பரவாயில்லை அல்ல. பேஸ் கம்பிகள் பிரிட்ஜ் வழியாகக் கேபிளின் கிரவுண்டோடும், அதன் மூலம் ஆம்பின் உலோக உடலோடும் சேர்ந்திருக்கின்றன. ஆம்ப் ஒரு லைனில், மிக்சர் இன்னொரு லைனில், ஒன்றுக்கு எர்த் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கை ஒரு வோல்டேஜில், மைக் இன்னொரு வோல்டேஜில், நடுவில் உங்கள் உதடு. இன்றைக்குச் சுள்ளென்று அடித்தது, மழை ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கும்போது உயிரை எடுக்கும். மேடையில் வெறுங்காலோடு நிற்பது நம்மூரில் சகஜம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மேடை ஏறியதும் ஆம்ப், கீபோர்டு, மிக்சர் மூன்றும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கின்றனவா என்று கேளுங்கள். ஜெனரேட்டர் என்றால் எர்த் கம்பி தரையில் இறங்கியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள், அலங்கார விளக்குக்குத் தனி லைன் கேளுங்கள். மல்டிமீட்டரை ஏசியில் வைத்துக் கம்பிக்கும் மைக் வலைக்கும் நடுவில் அளந்து பாருங்கள், பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பத்து இருபது வோல்ட் காட்டினால்கூடச் சரிசெய்யாமல் பாடாதீர்கள். மைக்கில் ஸ்பாஞ்ச் உறை போட்டுக்கொள்வது தீர்வு அல்ல, உறை நனையும். "கமிட்டிக்காரங்க கோவப்படுவாங்க" என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், திருவிழா அன்று மேடையில் ஒருவர் விழுந்தால் அதைவிட அதிகமாகக் கோபப்படுவார்கள்.

மேடையில எனக்கு நல்லா கேக்குது, முன்னாடி நிக்கிறவங்களுக்கு 'கும் கும்'னு மட்டும் கேக்குதாம். பேஸ் நாபை இன்னும் ஏத்தணுமா?

இறக்க வேண்டும். இது எல்லோருக்கும் தலைகீழாகப் படும். ஈ கம்பியின் அடிப்படை 41 ஹெர்ட்ஸ் என்று முதல் பதிலில் சொன்னேன். பல பெட்டிகளால் அதை ஒழுங்காகக் கொடுக்க முடியாது. நம் காது ஸ்வரத்தை அடையாளம் காண்பது அதன் மேல் இருக்கும் 82, 123 என்ற இரட்டிப்பு, மும்மடங்கு அதிர்வுகளையும் அதற்கும் மேலே உள்ளவற்றையும் வைத்துத்தான். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இனிமையாக இருக்கிறது என்று பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி நடுவைக் குழியாக்கி வைப்போம், மேடையில் அதே செட்டிங் போட்டால் ஸ்வரம் போய் முழக்கம் மட்டும் மிஞ்சும். 60 ஹெர்ட்ஸை ஒட்டிக் கொஞ்சம் குறைத்து, 250 முதல் 800 வரை கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல இருக்கும், டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் சரியாக உட்காரும்.

கிக் டிரம்மும் பேஸும் ஒரே இடத்தில் முட்டினாலும் இதே கும் கும்தான். சவுண்ட்காரரிடம் "பேஸ் கம்மியா இருக்கு" என்று சொல்லாதீர்கள், உடனே அடிப்பகுதியைத்தான் ஏற்றுவார். "ஸ்வரம் தெளிவா வரணும் அண்ணே, நடுவை ஏத்துங்க" என்று சொல்லுங்கள். சவுண்ட் செக்கின்போது ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசினால் இன்னும் நன்றாகக் கேட்கும், இது எந்த எலெக்ட்ரானிக்ஸ் புத்தகத்திலும் இல்லாத சமாச்சாரம்.

கீபோர்டு அண்ணன் சி-ன்னு சொன்னாரு, நான் சி வாசிச்சா சேரவே இல்ல. ட்யூனிங் போச்சா?

ட்யூனிங் போகவில்லை, அண்ணன் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தியிருக்கிறார். கறுப்புக் கட்டைகளில் கை வைக்கப் பிடிக்காத கீபோர்டுக்காரர்கள் +3 போட்டுவிட்டுச் சி-யில் விரல் வைப்பார்கள், வெளியே வருவது டி ஷார்ப். அவர் பொய் சொல்லவில்லை, அவர் விரல் இருக்கும் இடத்தைச் சொல்கிறார். "எத்தனை ட்ரான்ஸ்போஸ்?" என்று கேட்டுப் பழகுங்கள். ப்ளஸ் எத்தனையோ அத்தனை ஃப்ரெட் மேலே ஏறுங்கள், மைனஸ் என்றால் இறங்குங்கள்.

பாடுபவர்கள் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கட்டை சி, ரெண்டு டி, மூணு ஈ, நாலு எஃப், அஞ்சு ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரைக் கட்டைகள் நடுவில் வரும் ஷார்ப்கள். நாலரைக் கட்டை என்றால் எஃப் ஷார்ப், ஈ கம்பியில் ரெண்டாவது ஃப்ரெட். ஒன்றரைக் கட்டை என்றால் சி ஷார்ப், ஏ கம்பியில் நாலாவது. மூன்றரை, ஏழரை மட்டும் கிடையாது. ஏழரை என்று யாராவது சொன்னால் அது சுருதி இல்லை, சனி.

அவரு இடது கையில பேஸும் சேர்த்து வாசிக்கிறாரு. நான் என்ன செய்ய?

பேஸ்காரர் இல்லாத குழுவில் வருடக்கணக்காக வாசித்தவர்களுக்கு அந்த இடது கை தானாகவே ஓடும். இரண்டு பேஸ் ஒரே இடத்தில் வந்தால் ஒரு ஸ்வரம்கூடத் தெளிவாக இருக்காது. மேடையில் சண்டை போடாமல் ஒத்திகையிலேயே, எல்லோர் முன்னாலும் அல்லாமல் தனியாக, "அண்ணே, இடது கையை ஒரு ஸ்தாயி மேலே வச்சுக்கிறீங்களா" என்று கேளுங்கள். பேஸ் வாசிக்காதீர்கள் என்று சொல்வதைவிட இதற்குப் பலன் அதிகம். ரிதம் ஸ்டைல் போட்டு வாசிப்பவர் என்றால் அந்த ஸ்டைலில் பேஸ் ட்ராக்கை மட்டும் மூட வழி இருக்கும், அதையும் கேளுங்கள்.

ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறாரா, அந்தப் பாட்டுக்கு நீங்கள் மேல் ஸ்தாயியில் அளவாக வாசியுங்கள். மூத்தவர்களோடு இதில் ஜெயித்தவர் யாரும் இல்லை.

பாட்டே தெரியாது, மேடையில ஏத்தி விட்டுட்டாங்க. தப்பிக்க வழி?

சுருதியைக் கேளுங்கள், மேலே சொன்ன ட்ரான்ஸ்போஸ் கேள்வியோடு. முதல் சரணம் வரை கிக் டிரம்மோடு மூல ஸ்வரம் மட்டும். கீபோர்டுக்காரரின் இடது கையைப் பாருங்கள், போன பதிலில் திட்டிய அதே கைதான், இப்போது உங்களுக்கு வழிகாட்டி. கார்டு மாறுவது நிச்சயமாகத் தெரியாத இடத்தில் வாசிக்காமல் விட்டுவிடுங்கள். விட்ட ஸ்வரத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள், தப்பான ஸ்வரத்தைப் பந்தல் கடைசியில் கடலை விற்பவர்கூடக் கவனிப்பார்.

எஃபெக்ட்ஸ் பெடல் வாங்கவா?

வேண்டாம். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரசர் மட்டும் ஓரளவுக்கு உதவும், அதுவும் மூன்றாம் வருடத்தில் யோசிக்கலாம். அந்தப் பணத்துக்குக் குரோமேட்டிக் ட்யூனர் பெடல் வாங்கினால், பாட்டுகளுக்கு நடுவில் சத்தத்தை மூடிவிட்டு ட்யூன் செய்யலாம்.

மழை வந்தா என்ன செய்வீங்க?

கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3-ல் முடிகிறது, நடு வடகிழக்குப் பருவமழை. டிசம்பர் கேரல் சுற்றும் அதே ஈரத்தில்தான். அதனால் மழை வந்தால் என்று கேட்காமல், மழை வரும்போது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மெயின் சுவிட்ச், அப்புறம்தான் தார்ப்பாய். எல்லோரும் தலைகீழாகச் செய்வார்கள், கீபோர்டை மூட ஓடுவார்கள், ஈரத்தில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். நனைந்த பேஸைப் பைக்குள் போட்டு மூடி வைக்காதீர்கள், வீட்டில் திறந்து வைத்து ஃபேன் காற்றில் காயவிடுங்கள்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் மழையைவிடக் காற்றுதான் தொல்லை. பாட்டுத் தாளைக் கவ்வ நாலு துணிக் கிளிப் கொண்டுபோங்கள்.

பேஸை பஸ்ல கொண்டு போக முடியுமா?

முடியும், காலை எட்டரைக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் மட்டும் முயல வேண்டாம். பின்படிக்கட்டுப் பக்கம், கழுத்து மேலே இருக்கும்படி, காலுக்கு நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். பைக்கில் முதுகில் மாட்டினால் தலைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். திருவிழா ஊர்களில் தெருவுக்குக் குறுக்கே தோரணமும் சீரியல் லைட் ஒயரும் தாழ்வாகத் தொங்கும், ஊர் எல்லையிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போவது நல்லது. ட்யூனிங்கை ஒரு ஸ்வரம் தளர்த்த வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், இவ்வளவு தூரத்துக்குத் தேவையில்லை.

எவ்வளவு தருவாங்க? பேசி வாங்கணுமா?

ஆலயப் பாடகர் குழுவில் நான் வாசிப்பது காணிக்கை, அதில் பேச்சே இல்லை. மெல்லிசைக் குழு என்றால் குழுவை நடத்துபவரிடம் முன்கூட்டியே தொகை, சாப்பாடு, வண்டிச் செலவு, எத்தனை மணி நேரம், இந்த நாலையும் கேட்டுவிடுங்கள். "வா மக்கா, பாத்துக்கலாம்" என்பவரிடம் கடைசியில் பார்த்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. தவக்காலத்தில் ஆலய மேடைகள் இருக்காது, அதே மாசி மாதத்தில்தான் மண்டைக்காட்டுக் கொடை வரும். இரண்டு பக்கமும் வாசிப்பவருக்கு வருடம் முழுக்க ஏதாவது இருக்கும்.

சர்ச்ல வாசிக்கிற ஆளு அம்மன் கோயிலுக்கும் போறீங்களே, ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

சொல்பவர்கள் இரண்டு பக்கமும் உண்டு, நம் மாவட்டத்தில் அது யாருக்கும் புதிதல்ல. மேடையில் நிற்பவர்களைப் பார்த்தால் வேறு கதை. டிரம்மர் ஒரு ஊர், பாடகர் ஒரு மதம், சவுண்ட்காரர் இன்னொன்று, எல்லோரும் ஒரே பார்சல் பரோட்டாவைப் பிரித்துச் சாப்பிடுகிறோம். போகும் இடத்து முறையை மதித்தால் போதும். கோயில் வளாகத்தில் செருப்பைக் கழற்றுங்கள், கொடைக்கு விரதம் சொல்லியிருந்தால் அன்று அசைவம் வேண்டாம். பாடகர் குழுத் தலைவரிடம் தேதியை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், வேறு யாரோ வந்து சொல்லித் தெரிந்தால்தான் பிரச்சினை பெரிதாகும். ஒரே நாளில் இரண்டு வந்தால் முதலில் வாக்குக் கொடுத்த இடத்துக்குத்தான் போவேன்.

பத்து மணிக்கு போலீஸ் வந்து நிறுத்தச் சொன்னா?

நிறுத்த வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. விழாக்களுக்காக மாநில அரசு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம், அந்த நாள் இந்த நாளா என்பது கமிட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேர் நிலைக்கு வர நேரமாகி, கச்சேரியே ஒன்பதுக்குத் தொடங்கும் மேடைகள் ஏராளம். அதனால் ஊர் எதிர்பார்க்கும் குத்துப் பாட்டுகளைக் கடைசிக்கு வைக்காமல் நடுவிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.

காது 'ஙொய்'னு கேக்குது, காலையில சரியாயிடும்ல?

பெரும்பாலும் சரியாகும், அது நல்ல செய்தி அல்ல. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் காது தாங்கும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்க ஓரத்தில் வைக்கும் சைடு ஃபில் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் நமக்கு முதல் மூன்று பாட்டிலேயே அது முடிந்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் அடைப்பானாவது வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்காரருக்கு அது தொந்தரவே இல்லை, நம் சத்தம் பலகை வழியாகக் காலுக்கே வந்துவிடும்.

அண்ணே, ஒரு நாளைக்கு உங்க பேஸ் தருவீங்களா?

தருவேன். கம்பியைத் துடைத்துத் திருப்பித் தர வேண்டும், ஆக்டிவ் என்பதால் கேபிளைப் பிடுங்கி வைக்க வேண்டும். டிஐ பாக்ஸும் கேபிளும் கேட்காதீர்கள், தரமாட்டேன்.